சடங்கன்பாடி, தரங்கம்பாடி, ட்ராங்குபார்

தரங்கம்பாடிக்கு வருகிற எவருக்கும் முதலில் சொல்லப்படும் செய்தி, அது 'பாடும் அலைகளின் ஊர்' என்பது. சுற்றுலாக் கையேடுகள் எழுதுவதும், வழிகாட்டிகள் சொல்வதும், டேன்ஸ்போர்க் கோட்டை மதிலில் உட்கார்ந்து கடலைப் பார்த்தவர்கள் ஊர் திரும்பிப் பதிவிடுவதும் இதுதான். தரங்கம் என்றால் அலை, பாடி என்றால் பாடுவது. கேட்பதற்கு இனிமையான விளக்கம். ஆனால் அந்த ஊரிலேயே, கடலை ஒட்டி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலின் கல்வெட்டு வேறொரு பெயரைச் சொல்கிறது. அதில் அலையும் இல்லை, பாட்டும் இல்லை.

கோயில் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியனின் ஆட்சியில் எழுந்தது. 1268இல் பட்டமேறிய இந்தப் பாண்டியன்தான் 1279 வாக்கில் சோழ அரசு முடிந்துபோகக் காரணமானவன். காவிரிப் படுகையின் கடற்கரை முழுவதும் அவன் கைக்கு வந்திருந்த காலம் அது. கல்வெட்டு ஊரை இரண்டு பெயர்களால் குறிக்கிறது. ஒன்று சடங்கன்பாடி, மற்றது குலசேகரன்பட்டினம். முன்னது ஊரார் வைத்திருந்தது, பின்னது அரசன் வைத்தது என்று கொள்வதில் தடையில்லை. பழைய பெயரும் அரசன் பெயரும் ஒரே ஊருக்கு இப்படி இணைந்து வருவது சோழ, பாண்டியக் கல்வெட்டுகளில் நூற்றுக்கணக்கான இடங்களில் காணும் வழக்கம்.

குலசேகரன்பட்டினம் என்ற பெயரில் ஒரு பதவி உயர்வு ஒளிந்திருக்கிறது. பட்டினம் என்பது கப்பல் வந்து சரக்கு இறங்கும் கடற்கரை நகருக்கு உரிய சொல். பாடி அப்படியல்ல, ஆயர்பாடி என்பதில் போலச் சிறு குடியிருப்பையும், படை தங்கும் இடத்தையும் குறிப்பது. கடலோரத்தில் இருந்த ஒரு பாடியை அரசன் பட்டினமாக்கினான் என்றால், அங்கே வணிகம் வளரத் தொடங்கியது என்றோ, வளர வேண்டும் என்று அரசு விரும்பியது என்றோ பொருள். வடக்கே பூம்புகார் தன் பழைய நிலையிலிருந்து தளர்ந்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. தெற்கே நாகப்பட்டினம் சோழருடைய பெருந்துறைமுகம். அதற்குச் சோழர் காலத்தில் சோழகுலவல்லிப்பட்டினம் என்ற அரச முத்திரை விழுந்திருந்தது. வெற்றி பெற்ற பாண்டியன் அதே கரையில் தன் பெயரில் ஒரு பட்டினம் வைத்துக்கொள்ள நினைத்தது இயல்பு.

அரசர்கள் வைத்த இத்தகைய பெயர்களில் நிலைத்தவை குறைவு. சோழகுலவல்லிப்பட்டினம் மீண்டும் நாகப்பட்டினமானது. வடக்கே விசாகப்பட்டினத்துக்கு முதலாம் குலோத்துங்கன் காலத்தில் குலோத்துங்கசோழப்பட்டினம் என்று பெயர் சூட்டினார்கள். இன்று கல்வெட்டு படிப்பவர்களைத் தவிர யாருக்கும் அது தெரியாது. தென்கோடியில், திருச்செந்தூருக்குத் தெற்கே, ஒரு குலசேகரன்பட்டினம் மட்டும் அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. தசராவுக்குப் பெயர்போன அந்த ஊர் இப்போது இஸ்ரோ அமைக்கும் புதிய ஏவுதளத்தால் செய்திகளில் அடிபடுகிறது. அது பாண்டிய நாட்டின் சொந்த மண். இதுவோ சோழ நாட்டில் பாண்டியன் ஒட்டிய பெயர். அரசு போனதும் பெயரும் போனது. பாடி தங்கிவிட்டது.

இனிச் சடங்கன்பாடிக்கு வருவோம். சடங்கம் என்பது வேதத்தின் ஆறு அங்கங்களைக் குறிக்கும் வடசொல்லின் தமிழ் வடிவம். அவற்றில் வல்லவர் சடங்கவி. பெரியபுராணம் படித்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. சுந்தரருக்குப் பெண் கொடுக்க இசைந்த புத்தூர் அந்தணரின் பெயர் சடங்கவி சிவாசாரியார். அப்படியொரு சடங்கன் பெயரால் அமைந்த குடியிருப்பு சடங்கன்பாடி என்று படிக்க இடமிருக்கிறது. நிலக்கொடை பெற்றவரோ, ஊரின் முதல் குடும்பத்தவரோ, யாரோ ஒருவர். இது என் ஊகமே தவிர, கல்வெட்டில் அந்த ஆளைப் பற்றிய சேதி இல்லை. ஆனால் ஆள் பெயரோ குலப் பெயரோ முன்னால் நிற்க, பாடி பின்னால் வருவது தமிழ் ஊர்ப் பெயர்களின் இயல்பான அமைப்பு.

சடங்கன் எப்படித் தரங்கம் ஆனான்? இங்கேதான் விஷயம் சுவைக்கிறது. னகரம் பகரத்தின் முன் மகரமாவது நாவின் சோம்பல். அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சடங்கன்பாடியை வேகமாகச் சொன்னால் சடங்கம்பாடிதான் வரும். ஆனால் முதலெழுத்து சகரம் தகரமாவதும், இடையே டகரம் ரகரமாவதும் தமிழில் வழக்கமான மாற்றங்கள் அல்ல. ஒரே சொல்லில் இரண்டும் சேர்ந்து நடந்தன என்றால், ஒலி தானாக வழுக்கியது என்று சொல்லி நிறுத்திவிட முடியாது. பொருள் மறந்துபோன ஒரு பெயரைக் கேட்ட காது, தனக்குத் தெரிந்த, அதே ஓசையுள்ள, இடத்துக்கும் பொருந்துகிற இன்னொரு சொல்லை அங்கே வைத்துக்கொண்டது என்பதே பொருத்தமாகப் படுகிறது. சடங்கன் யார் என்று யாருக்கும் நினைவில்லை. கடல் கண்ணெதிரே இருக்கிறது. தரங்கம் வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்தச் சொல்லைக் கொண்டுவந்த காது யாருடையது என்பதும் யோசிக்கத் தக்கது. கடலில் இறங்குகிறவர்கள் பேச்சில் வருவது அலை. செய்யுளில் திரை வரும். தரங்கம் வடமொழி கற்றவர் வாயில் வரும் சொல். ஆகவே பெயரை மாற்றியவர் வலை இழுத்தவர் அல்லர், ஏடு எழுதியவர் என்று நான் நினைக்கிறேன். கோயிலைச் சேர்ந்தவராக இருக்கலாம், நாயக்கர் காலத்துக் கணக்கராக இருக்கலாம். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடையே எங்கோ இது நடந்து முடிந்திருக்கிறது.

பாடி என்பதைப் பாடுதலாக்கும் வேலை தரங்கம்பாடிக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பாலாற்றங்கரை வாணியம்பாடியில், குரல் இழந்த வாணி, அதாவது சரசுவதி, மீண்டும் குரல் பெற்றுப் பாடினாள் என்று தலபுராணம் சொல்கிறது. வாணியர் குடியிருந்த பாடி என்று சொன்னால் ஊர்ப்பெருமைக்கு என்ன கிடைக்கும்? கொள்ளிடக்கரைத் திருமழபாடியில் மழவர் பாடி, சிவன் மழுவேந்தி ஆடிய மழுவாடியானது. தெய்வமோ கடலோ பாடினால், ஆடினால் ஊருக்கு ஒரு கதை கிடைக்கிறது. வேறுபாடு ஒன்றுதான். வாணியம்பாடிக்கும் மழபாடிக்கும் அந்த வேலையைச் செய்தது தலபுராணம். தரங்கம்பாடிக்குச் செய்தது சுற்றுலா. யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியில் இந்த ஊருக்குக் கடலை, அலையை ஒட்டிய பொருளே தரப்பட்டிருக்கிறது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், சரசுவதி மகால் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். இந்த வட்டாரத்தை நன்றாக அறிந்தவர். அவர் காலத்திலும் அலை இருந்தது. பாடத் தொடங்கியது பிற்பாடு.

அதே அகராதி காட்டும் மேற்கோள்களில் ஒன்று 1610ஆம் ஆண்டைச் சேர்ந்த, போர்த்துகல் அரசரின் கடிதம். நாகப்பட்டினத்து இயேசு சபையாரின் பணியைப் பற்றிப் பேசும்போது அது 'ட்ராங்காபார்' என்ற ஊரைச் சேர்ந்த புதுக் கிறித்தவர்களைக் குறிப்பிடுகிறது. 1620இல் இங்கே இடம் பெற்ற டேனியர், அதாவது டென்மார்க்காரர், வருவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே எழுதப்பட்ட கடிதம் அது. இந்த ஒரு வரி இரண்டு விஷயங்களைத் தீர்த்துவைக்கிறது. தரங்கம் என்ற வடிவம் அதற்குள் ஊன்றிவிட்டது என்பது ஒன்று. ஐரோப்பிய வடிவத்துக்கு அடித்தளம் போட்டவர்கள் டேனியர் அல்லர், போர்த்துகீசியர் என்பது இன்னொன்று. டேனியர் சூட்டிய பெயர் ட்ராங்குபார் என்று பலரும் எழுதுவது இதனால் தவறாகிறது.

பாடி எப்படிப் 'பார்' ஆயிற்று? உயிர்களுக்கு இடையே வரும் நம் டகரம், நாவை மேலே வளைத்துத் தட்டிவிட்டு இறங்கும் ஒலி. அந்த ஒலி இல்லாத ஐரோப்பியக் காதில் அது ரகரமாக விழுந்தது. சோழமண்டலத்தின் ழகரமும் அவர்களிடம் ரகரமாகித்தான் 'கொரமண்டல்' பிறந்தது. இறுதி இகரம் தேய்ந்து போனது. முதல் தகரத்தின் அகரம் விழுங்கப்பட்டு, தகரமும் ரகரமும் 'ட்ர' என ஒட்டிக்கொண்டன. இடையிலிருந்த ககரம், மெல்லினத்தின் பின் வருவதால் நாம் மெலிதாக உச்சரிப்பது, முதலில் 'ஜி' எழுத்தால் எழுதப்பட்டுப் பிறகு 'கியூ'வால் எழுதப்பட்டது. போர்த்துகீசிய, பிரெஞ்சு எழுத்துமுறையில் எகர இகரங்களுக்கு முன் ககர ஒலியைக் காட்டுவது அந்த எழுத்துதான். அதை ஆங்கில வழக்கில் படித்தவர்கள் 'குவ' என்றும் 'கோ' என்றும் திரித்தார்கள். தமிழ் இதழ்களில் இன்று டிரங்குபார், டிரான்குபார் என்று பலவாறாக வருவதற்குக் காரணம் அந்த ஒற்றை எழுத்து. டேனியர்கள் தங்கள் மொழியில் அதைக் கைவிட்டு, 'கே' போட்டு 'ட்ராங்கெபார்' என்று எழுதுகிறார்கள்.

மலபாரின் 'பார்' வேறு. அது அரபிக் கடல் வணிகர்களின் பேச்சில் பிறந்தது, நிலத்தை அல்லது கரையைக் குறிப்பது. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தமிழையே 'மலபார் மொழி' என்றுதான் அழைத்தார்கள். ட்ராங்குபாரிலிருந்து மலபார் மொழி நூல்கள் வருகின்றன என்று ஒரு ஜெர்மானியர் படிக்கும்போது, இரண்டு பாரும் ஒன்று என்று நினைத்திருந்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி 1616இல் நான்காம் கிறிஸ்டியன் அரசனால் தொடங்கப்பட்டது. இலங்கையை நோக்கிப் புறப்பட்ட அதன் முதல் கப்பல் கூட்டம் கண்டியில் எதிர்பார்த்தது கிடைக்காமல் சோழமண்டலக் கரைக்குத் திரும்பியது. ரோலண்ட் கிராப்பே என்பவர் முன்னதாகவே காரைக்கால் அருகே போர்த்துகீசியரிடம் கப்பலை இழந்து, தஞ்சை ரகுநாத நாயக்கரின் அவைக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். நாகப்பட்டினத்தில் போர்த்துகீசியரின் கை ஓங்கியிருந்ததை விரும்பாத நாயக்கருக்கு வேறொரு ஐரோப்பியக் கூட்டம் தேவைப்பட்டது. 1620 நவம்பரில் தளபதி ஓவே கெட்டேயுடன் ஒப்பந்தம் ஆயிற்று. டென்மார்க் அரசனுக்கு ரகுநாதர் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் கோபன்ஹேகனில், அந்நாட்டின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது.

கோட்டை கட்டியவர்கள் அதற்கு டேன்ஸ்போர்க் என்று பெயரிட்டார்கள். டேனியர் கோட்டை என்பது பொருள். ஊரின் பெயரை மட்டும் தொடவில்லை. இது அவர்களின் பொதுவான வழக்கமும் அல்ல. வங்கத்தில் 1755இல் ஸ்ரீராம்பூரில் குடியேறியபோது தங்கள் அரசன் ஐந்தாம் பிரெடெரிக்கின் பெயரால் அதை 'பிரெடெரிக்ஸ்நகோர்' என்று மாற்றினார்கள். அடுத்த ஆண்டு நிக்கோபார் தீவுகளுக்கும் அதே அரசன் பெயர்தான். தரங்கம்பாடியில் ஏன் அப்படிச் செய்யவில்லை? 1620இல் அவர்கள் நாயக்கருக்கு ஆண்டுதோறும் பணம் கட்டி இடம் பெற்றவர்கள்; ஊருக்கு வேறொரு அரசன் இருந்தான். வாடகைக்கு இருப்பவன் வீட்டுக்குப் பெயர்ப்பலகை மாற்றுவதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. கடற்கரை முழுவதும் வணிகப் பேச்சுமொழியாக இருந்தது போர்த்துகீசியம். அதில் ஊரின் பெயர் ஏற்கனவே வழங்கிவந்தது. புதுப் பெயர் வைத்தால் வரவேண்டிய கப்பலுக்குத்தான் குழப்பம். பிரெடெரிக்ஸ்நகோரின் கதியையும் பாருங்கள். டேனியர் போனதும் ஸ்ரீராம்பூர் திரும்பிவிட்டது, நம் குலசேகரன்பட்டினத்தைப் போலவே.

பக்கத்து ஊரான பொறையாறு இந்தக் குழப்பங்கள் எதிலும் சிக்கவில்லை. நற்றிணையில் பெரியன் என்பவனுக்கு உரியதாக வரும் பொறையாறு இதுவே என்று கருதுவோர் உண்டு. அது சரியானால் அந்தப் பெயருக்கு ஈராயிரம் ஆண்டு அளவில் வயது. டேனியர் ஆட்சிப் பகுதிக்குள் அந்த ஊரும் இருந்தது. பின்னாளில் வந்த கிறித்தவ மிஷனரிகள் தங்கள் அச்சகத்துக்கு வேண்டிய காகிதம் செய்ய ஆலை வைத்ததும் அங்கேதான். ஆனால் அது கப்பல் தலைவர்களின் வரைபடத்தில் நங்கூரமிடும் இடமாக இல்லை. அதனால் பிழைத்தது.

ட்ராங்குபார் என்ற வடிவத்தை ஐரோப்பா முழுவதும் கொண்டுபோனது வணிகத்தைவிட அச்சு. 1706 ஜூலையில் மிஷனரிகளான பார்த்தலோமியு சீகன்பால்கும் ஹென்ரிச் புளூட்சாவும் வந்து இறங்கினார்கள். சில ஆண்டுகளில் அச்சு இயந்திரம் வந்தது. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமை பெற்றது. சீகன்பால்கும் பின்வந்தோரும் எழுதிய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஜெர்மனியில் ஹாலே நகரத்து அமைப்பு தொடர் அறிக்கைகளாக அச்சிட்டு வெளியிட்டது. தஞ்சாவூரைப் பற்றியோ மதுரையைப் பற்றியோ எதுவும் அறியாத ஜெர்மானியக் கிராமத்துப் பாதிரியார்கூட ட்ராங்குபாரை அறிந்திருந்தார். பலவாறாக எழுதப்பட்டுவந்த பெயர் அச்சில் திரும்பத் திரும்ப வந்து ஒரே எழுத்துக்கூட்டலில் இறுகியது. கையெழுத்துக் காலத்தில் ஊர்ப்பெயர் எழுதுகிறவரின் காதுக்கு ஏற்ப மாறும். அச்சு வந்தபின் அந்த உரிமை குறைந்துவிடுகிறது.

மிஷனோடு அறிவியலும் வந்தது. லின்னேயஸின் மாணவரான ஜோஹன் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் மிஷன் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்து, செடிகொடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவரைத் தொடர்ந்து ஜான், ராட்லர் ஆகிய மிஷனரிகளும் அந்த வேலையைச் செய்தார்கள். கரையில் பிடிபட்ட நண்டும் நத்தையும் பறவையும் பெட்டிகளில் போய்ச் சேர்ந்தன. பெயர் வைத்தவர்கள் பெட்டியின் மேலிருந்த ஊர்ப் பெயரையே வைத்தார்கள். 1798இல் டேனிஷ் விலங்கியலாளர் ஜோஹன் கிறிஸ்டியன் ஃபப்ரீசியஸ் விவரித்த சேற்று நண்டு இன்றும் 'சில்லா ட்ராங்குபாரிகா'தான். இவரைத் தமிழ் விவிலியத்தை மொழிபெயர்த்து, அகராதியும் செய்த ஜோஹன் பிலிப் ஃபப்ரீசியஸோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, அவர் வேறு. 1804இல் பெயரிடப்பட்ட செந்நிறச் சிறு புறா 'ஸ்ட்ரெப்டோபெலியா ட்ராங்குபாரிகா'. இந்தப் புறா தெற்காசியா முழுவதும், சீனம் வரையும் பறக்கிறது. அங்குள்ள பறவையியலாளர்களும் தரங்கம்பாடியின் பெயரைச் சொல்லியாக வேண்டும். விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி முறையாக முதலில் வைக்கப்பட்ட பெயருக்கே முன்னுரிமை. ஊரின் பெயர் மாறினாலும் அது மாறாது.

1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் ஸ்ரீராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றது. சில ஆண்டுகள் தஞ்சாவூர் மாவட்டத் தலைமையகமே இங்கு இருந்தது. 1860இல் அது போய்விட்டது. நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் துறைமுகமும் படுத்தது. ஆங்கிலேயர் பெயரில் கைவைக்கவில்லை. எழுத்துக்கூட்டலை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். மாயவரத்திலிருந்து 1926இல் போடப்பட்டு 1986இல் நிறுத்தப்பட்ட ரயில்பாதையைப் பழைய ஆங்கில ஏடுகள் மாயவரம்–ட்ராங்குபார் பாதை என்றே குறிக்கின்றன. அந்தப் பாதையின் இன்னொரு முனையும் இதற்கிடையே பெயர் மாறியது: மாயவரம் 1982இல் மயிலாடுதுறை ஆனது. அது அரசாணையால் நடந்த மாற்றம். தரங்கம்பாடிக்கு அப்படி ஏதும் தேவைப்படவில்லை. தமிழில் அது எப்போதும் தரங்கம்பாடியாகவே இருந்தது. ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் ட்ராங்குபார் மெல்லப் பின்வாங்கியது. இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் அது தரங்கம்பாடி வட்டம்.

2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, எழுந்த விமர்சனத்தால் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அந்த ஆணையில் பல ஊர்ப் பெயர்கள் படிக்க முடியாத எழுத்துக் கூட்டங்களாகியிருந்தன. ஒலியை எழுத்தில் சிறைப்பிடிப்பதில் போர்த்துகீசியப் பாதிரியார்கள் பட்ட பாட்டை நம் அதிகாரிகளும் பட்டார்கள் என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை.

ட்ராங்குபார் இன்று பெரும்பாலும் ஊருக்கு வெளியே வாழும் பெயர். தங்கும் விடுதிகள், மரபுச் சுற்றுலா, இந்தியாவில் ஆங்கிலப் புத்தகங்கள் வெளியிட்ட ஒரு பதிப்பு முத்திரை, டேனியரின் குடும்பக் கதைகள் என்று அது பழைய கடல் மணத்தோடு விற்பனையாகிறது. இதைக் காலனியத்தின் மிச்சம் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தரங்கம்பாடி என்ற ஒலியைப் பிற நாவுகள் முயன்று பார்த்ததன் தடம் அது. பிரெடெரிக்ஸ்நகோரைப் போல மேலிருந்து கவிழ்த்த பெயரல்ல.

ஊரை விட்டு வெளியேறி, வேறொரு ஊரில் நிலைகொண்ட வடிவம் இன்னொன்று உண்டு. 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, மிஷனின் தொடர்ச்சியைத் தன்னுடையதாகக் கொண்டது. கோயம்புத்தூர் கோவையானது போல, திருநெல்வேலி நெல்லையானது போல, தரங்கம்பாடி அந்தச் சபையாரிடம் 'தரங்கை' ஆனது. சபையின் தலைவர் தரங்கைப் பேராயர். ஆங்கிலத்தில் பிஷப் ஆஃப் ட்ராங்குபார். அவருடைய தலைமையகம் இருப்பது திருச்சியில். அந்த வளாகத்தின் ஆங்கிலப் பெயர் 'ட்ராங்குபார் ஹவுஸ்', தமிழ்ப் பெயர் 'தரங்கைவாசம்'.